பெற்றோருக்கு ஒரு கண்ணாடி வீடு

விம்பிள்டன் என்றால் உலகத்துக்கு டென்னிஸ். லண்டன் தமிழர்களுக்கு எஃப்ரா சாலைக் கணபதி கோயில். கட்டடக்கலையில் மனம் தோய்ந்தவர்களுக்கு மூன்றாவதாக ஒன்றும் நினைவுக்கு வரும்: பார்க்சைடு சாலையில் 22ஆம் எண் வீடு.

லண்டன் பெருநகரம் எப்போதோ விழுங்கிவிட்ட ஊர்தான் விம்பிள்டன். ஆனாலும் மேட்டின்மேல் இருக்கும் பழைய பகுதிக்கு இன்றும் ‘வில்லேஜ்’ என்றே பெயர். பெயருக்கு ஏற்றாற்போல் குதிரை லாயங்கள் இன்னும் இருக்கின்றன. பக்கத்தில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும் பொதுவெளி: புல், புதர், மரக்கூட்டம், குட்டைகள், 1817இல் கட்டிய ஒரு காற்றாலை. அந்த வெளியின் கிழக்கு விளிம்பை ஒட்டி ஓடுகிறது பார்க்சைடு. சாலையோரமாகப் பெரிய பெரிய செங்கல் வீடுகள், உயரமான வேலிச்செடிகள். அந்த வரிசையில்தான் 1960களின் கடைசியில் கட்டடக்கலைஞர் ரிச்சர்ட் ரோஜர்ஸும் அவர் மனைவி சூ ரோஜர்ஸும் எஃகுச் சட்டத்தையும் அலுமினியப் பலகையையும் கண்ணாடியையும் கொண்டு மாடி இல்லாத ஒரு வீட்டைக் கட்டினார்கள். குடியேறியவர்கள் ரிச்சர்டின் அப்பா நீனோ, அம்மா டாடா.

எஃகும் கண்ணாடியுமாகக் கட்டிய வீடுகள் என்றால் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. படத்தில் பார்த்தால் மூச்சு நின்றுவிடும். அதில் குடியிருக்கச் சொன்னால் யோசிப்போம். எங்கே துணி காயப்போடுவது, எங்கே சாமான் அடுக்குவது, வெளியே போகிறவர்கள் பார்வையில் படாமல் எங்கே உட்காருவது? இந்த வீட்டின் வரைபடத்தையும் படங்களையும் பார்க்கப் பார்க்க அந்தத் தயக்கம் கரைந்துபோகிறது. வயதான இருவர் சமைக்கவும், மண் பிசையவும், படிக்கவும், பேரப்பிள்ளைகளைக் கூட்டிவைத்துக்கொண்டு சாப்பிடவும் செய்த வீடு என்பது ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது. தொழிற்சாலைச் சரக்கால் கட்டிய வீட்டுக்குள் இவ்வளவு கனிவு எப்படி நுழைந்தது என்பதைத்தான் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க ஆசைப்படுகிறேன்.

முதலில் அந்தப் பெற்றோரைச் சொல்லியாக வேண்டும். நீனோ மருத்துவர். இத்தாலியில் பிறந்து வளர்ந்தவர் என்றாலும் முன்னோர் இங்கிலாந்துக்காரர்கள். டாடா, திரியெஸ்தே ஊர்ப் பெண். ரிச்சர்ட் 1933இல் ஃபிளாரன்ஸ் நகரத்தில் பிறந்தார். அவர்கள் வாழ்ந்த வீட்டுக்கு மேசை நாற்காலிகளை வடிவமைத்துக் கொடுத்தவர் நீனோவின் உறவினர் எர்னஸ்தோ ரோஜர்ஸ். பின்னாளில் மிலான் நகரத்து வெலாஸ்கா கோபுரத்தைக் கட்டிய குழுவில் ஒருவர் அவர். 1938இல் முசோலினியின் இனச் சட்டங்கள் வந்தன. யூத வேர் உள்ள அந்தக் குடும்பம் 1939இல் லண்டன் வந்து சேர்ந்தது. வெயிலும் வெளிச்சமும் புழங்கிய வீட்டை விட்டுவிட்டு, காசு போட்டால்தான் அறை சூடாகும் ஒரு வாடகை விடுதியில் ஒற்றை அறை. அப்போது ரிச்சர்டுக்கு வயது ஐந்தோ ஆறோ. முப்பது வருஷம் கழித்து அவர் தன் பெற்றோருக்குக் கட்டிய வீட்டில், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வெளிச்சத்தைத் தவிர வேறு எதற்கும் முதலிடம் இல்லை. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அந்தக் கண்ணாடிக்குப் பொருள் புரியும்.

இனி சாலையிலிருந்து உள்ளே போவோம். போனதும் வீடு கண்ணில் படாது. முதலில் படுவது ஒரு மண்மேடு. சாலைக்கும் வீட்டுக்கும் நடுவே மண்ணைக் குவித்துப் புல் வளர்த்திருக்கிறார்கள். போக்குவரத்து இரைச்சலும் வழிப்போக்கர் பார்வையும் அந்த மேட்டோடு நின்றுவிடுகின்றன. கண்ணாடி வீட்டின் முதல் நுட்பம் கண்ணாடியில் இல்லை, இந்த மண்ணில் இருக்கிறது. மதில் எழுப்பியிருந்தால் தெருவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டதுபோல் ஆகியிருக்கும். எதிரே இருக்கும் பொதுவெளியின் புல்லில் ஒரு பிடி சாலையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து அமர்ந்ததைப்போல் மேடு கிடக்கிறது.

மேட்டைத் தாண்டினால் சிறிய கட்டடம் ஒன்று. டாடாவின் மட்பாண்டப் பட்டறையும் தனியாக ஒருவர் தங்கிக்கொள்ள ஒரு சிறு இருப்பிடமும் அதில் அடக்கம். அடுத்து முற்றம். முற்றத்துக்கு அப்பால் பெரிய வீடு. அதற்கும் பின்னால் தோட்டம். எல்லாமே ஒரே நேர்கோட்டில். இரண்டு கட்டடங்களுக்கும் முன்முகமும் பின்முகமும் கண்ணாடி. பக்கச் சுவர்கள் மூடியவை. இதில்தான் மனையின் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. இரு பக்கமும் அண்டைவீட்டார் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் கண்ணாடி இல்லை. முன்னும் பின்னும் இருப்பது தங்கள் முற்றமும் தங்கள் தோட்டமும்தான். அங்கே கண்ணாடியைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆகவே வீட்டுக்காரருக்கு மரமும் வானமும் தாராளமாகத் தெரியும். வீட்டுக்காரரை யாரும் பார்க்க முடியாது. ‘திறந்த வீடு’ என்று சொல்லிவிட்டு குடியிருப்பவரைக் கடைவீதிப் பொம்மையாக நிறுத்துகிற கட்டடங்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும்.

பட்டறையில் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு முற்றத்துக்கு அப்பால் தன் வீட்டின் முழு முகமும் தெரியும் என்பதையும் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். வேலைக்கு என்று ஓர் இடம், வாழ்வதற்கு என்று ஓர் இடம், நடுவில் வானம் பார்த்த முற்றம். ஒரு கலைஞருக்கு இதைவிட மரியாதையான வீட்டை நான் அறியேன்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். இரண்டு தூண், மேலே ஒரு உத்தரம், மூன்றும் மூலையில் விலகாதபடி இறுகப் பிணைந்து ஒரே உறுப்பாக நிற்கும்: கால்பந்து மைதானத்துக் கோல்கம்பத்தைப்போல. இதைப் பொறியாளர்கள் போர்ட்டல் சட்டம் என்பார்கள். பெரிய வீட்டுக்கு இப்படி ஐந்து, சிறிய கட்டடத்துக்கு மூன்று. ஆக எட்டுச் சட்டங்கள். இவற்றைக் கணக்கிட்டுக் கொடுத்தவர் ஆண்டனி ஹன்ட். ஆங்கில நாட்டு எஃகுக் கட்டடங்கள் பலவற்றுக்குப் பின்னால் இருந்த பொறியாளர் அவர். கூரையின் பாரம் முழுவதும் இரு பக்கத் தூண்கள் வழியாகத் தரைக்கு இறங்கிவிடுகிறது. உள்ளே ஒரு தூணும் வேண்டியதில்லை. உள்ளே நிற்கும் எந்தத் தடுப்பும் எதையும் தாங்கவில்லை. இன்றைக்குப் படுக்கையறை, நாளைக்கு வேண்டாம் என்றால் தடுப்பை எடுத்துவிடலாம். கூரை அதைப்பற்றிக் கவலைப்படாது.

அந்தச் சட்டத்தின் மூலையைச் சற்றுக் கிட்டத்தில் பார்ப்போம். தூண் மேலே போய் உத்தரத்தைச் சந்திக்கிற இடம்தான் இந்த அமைப்பிலேயே வளைக்கும் விசை அதிகமாகச் சேருகிற இடம். அந்த மூலை நெகிழ்ந்தால் சட்டம் ஒரு பக்கம் சாயும். அவ்வளவு பொறுப்பான இடத்தைப் பலர் பெட்டி கட்டி மறைப்பார்கள். சிலர் பெரிய பெரிய போல்ட்டுகளை வரிசையாக நிறுத்தி வீரம் காட்டுவார்கள். இங்கே இரண்டும் இல்லை. தூண் திரும்புகிறது, உத்தரமாகிறது. அதன்மேல் ஒரே மஞ்சள். தாங்குகிற வேலையை அது செய்துகொண்டிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அதற்காகப் பாராட்டு கேட்கவில்லை.

மஞ்சள் என்றேனே, அது லேசான சந்தன மஞ்சள் இல்லை. பளீரென்ற மஞ்சள். உள்ளே அதற்குத் துணையாகப் பச்சையும் உண்டு. 1960களில் நல்ல ரசனை உள்ளவர்கள் எஃகுக்குப் பூசிய நிறங்கள் இரண்டு: கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோ வழியில் போனவர்களுக்குக் கறுப்பு அல்லது வெள்ளை. அந்த ஒழுக்கத்தை ரோஜர்ஸ் மீறினார். லண்டனில் வருஷத்தில் பாதி நாள் வானம் சாம்பல் பூத்திருக்கும். அந்த வானத்தின் கீழே வெள்ளைச் சட்டம் சோகையாகத் தெரியும், கறுப்புச் சட்டம் இன்னும் இருட்டிக்கொள்ளும். மஞ்சள் மட்டும் வெயில் இல்லாத நாளிலும் வெயிலை வீட்டுக்குள் வைத்திருக்கும். இதை நான் வெறும் அலங்காரமாக எண்ணவில்லை. ஃபிளாரன்ஸை விட்டு வந்த ஒரு தாய்க்கு மகன் பூசிக் கொடுத்த நிறம் அது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

சுவர்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் பெரிய குறை. பக்கச் சுவர்களில் செங்கல் இல்லை. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் நுரைப் பிளாஸ்டிக். இப்படி ஒட்டிச் செய்த பலகைகள். குளிர்சாதன லாரிகளின் உடம்பைக் கட்டப் பயன்பட்ட அதே நுட்பம். லாரிக்கு உள்ளே குளிர் தங்க வேண்டும். வீட்டுக்கு உள்ளே சூடு தங்க வேண்டும். இரண்டுக்கும் தேவை ஒன்றுதான்: உள்ளே இருப்பது வெளியே போகக் கூடாது. செங்கல்லோடு ஒப்பிட்டால் கனம் மிகக் குறைவு, வெப்பத்தைத் தடுக்கும் ஆற்றலோ அதிகம். லாரியைப் பார்த்து வீட்டுச் சுவருக்கு யோசனை எடுக்க ஒரு தெளிவு வேண்டும். எந்தப் பொருள் கௌரவமானது என்று கேட்காமல், எது வேலையைச் செய்கிறது என்று கேட்டிருக்கிறார்கள்.

அந்தப் பலகைகள் ஒன்றோடு ஒன்று சேரும் இடம் இந்த வீட்டில் எனக்கு மிகப் பிடித்த இடம். கொத்தனார் வேலையில் இரண்டு பொருள் சேருமிடத்தில் சாந்து வரும், பூச்சு வரும், காலப்போக்கில் விரிசலும் வரும். இங்கே பலகைக்கும் பலகைக்கும் நடுவே நியோப்ரீன் பட்டை: செயற்கை ரப்பர். கார்க் கண்ணாடியை வண்டியோடு கவ்விப் பிடித்திருக்கும் கறுப்பு ரப்பரின் இனம். தகடு வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். ரப்பர் அதற்கு இடம் கொடுத்து, மழையை மட்டும் உள்ளே விடாமல் தடுக்கும். வீடு அசையாது என்று பாசாங்கு செய்கிற இணைப்பைவிட, அசையும் என்று ஒப்புக்கொண்டு அதற்கு ஏற்றாற்போல் நெகிழ்கிற இணைப்பு உயர்ந்தது. மஞ்சள் சட்டத்தைப் படமெடுப்பவர்கள் ஆயிரம் பேர். இந்த ஒரு விரல் அகல ரப்பர்க் கோட்டைப் படமெடுப்பவர் குறைவு. வீட்டை ஒழுகாமல் காத்தது அதுதான்.

சரி, இந்தச் சட்டமும் பலகையும் எதற்காக? நடுவில் உள்ள சமையலறைக்காக என்று சொல்லத் தோன்றுகிறது. அந்தக் காலத்து ஆங்கில வீடுகளில் சமையலறை பின்கட்டில் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இங்கே அது வீட்டின் நடுக்கூடத்தோடு கலந்து திறந்தே கிடக்கிறது. சமைக்கிறவர் சாப்பிடுகிறவர்களுக்கு முதுகைக் காட்ட வேண்டாம். பேச்சிலிருந்து விலக வேண்டாம். டாடாவின் சமையல் அந்தக் குடும்பத்தில் பேர்பெற்றது. ரிச்சர்டின் இரண்டாவது மனைவி ரூத் ரோஜர்ஸ் இத்தாலியச் சமையலைத் தன் மாமியாரிடம் கற்றுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். அந்த ரூத்தும் ரோஸ் கிரேயும் 1987இல் தேம்ஸ் கரையில் தொடங்கியதுதான் ரிவர் கஃபே. லண்டன் மக்களின் நாக்கையே மாற்றிய உணவகம் அது. மாமியார் கைப்பக்குவத்துக்கு இப்படி ஒரு வம்சவிருத்தி.

அந்தக் கூடத்துக்குள் ஃபிளாரன்ஸ் வீட்டுக்காக எர்னஸ்தோ செய்து கொடுத்த பழைய மேசை நாற்காலிகளும் வந்து சேர்ந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் டாடாவின் கைப்பட வனைந்த மண்பாண்டங்கள். யந்திரம் வெட்டிய சட்டம், யந்திரம் ஒட்டிய பலகை, அவற்றின் நடுவே கைரேகை பதிந்த மண். எஃகு வீட்டில் பொருள் சேர்ந்தால் அழகு கெடும் என்பார்கள். இங்கே பொருள் சேரச் சேரத்தான் வீடு நிறைகிறது. பின்னணி அவ்வளவு நேரானது என்பதால் ஒரு குடத்தின் வயிற்று வளைவுகூடத் தனியாகத் துலங்குகிறது.

இதற்கு முந்தைய காலத்து இரண்டு வீடுகளை நினைத்துக்கொண்டால் இதன் தனித்தன்மை விளங்கும். அமெரிக்காவில் இலினாய் மாநிலத்துப் பிளேனோ ஊரில் மீஸ் கட்டிய ஃபார்ன்ஸ்வொர்த் வீடு 1951இல் முடிந்தது. ஆற்றங்கரையில் எட்டு வெள்ளைத் தூண்களின்மேல் தரையைத் தொடாமல் நிற்கிறது. நான்கு பக்கமும் கண்ணாடி. தூய்மை என்றால் அது. ஆனால் அதைக் கட்டச் சொன்ன மருத்துவர் ஈடித் ஃபார்ன்ஸ்வொர்த்துக்கும் மீஸுக்கும் வழக்கு நடந்தது. அங்கே தன்னால் ஒளிவுமறைவாக இருக்க முடியவில்லை என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். கலிபோர்னியாவில் சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1949இல் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட வீடு வேறு மாதிரி: கடையில் கிடைக்கும் தயார் எஃகுப் பாகங்கள், வண்ணப் பலகைகள், உள்ளே நாடு நாடாகச் சேர்த்த பொம்மைகளும் துணிகளும். யேல் பல்கலைக்கழகத்தில் படித்த நாள்களில் ரிச்சர்டும் சூவும் கலிபோர்னியா போய் அந்தக் காலத்து எஃகு வீடுகளைப் பார்த்துவந்தவர்கள். விம்பிள்டன் வீடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்டால், தயங்காமல் ஈம்ஸ் பக்கம். பாரிஸில் 1932இல் முடிந்த ‘கண்ணாடி வீடு’ ஒன்றைப் பற்றியும் ரோஜர்ஸ் 1966இல் ‘டோமுஸ்’ இதழில் கட்டுரை எழுதியிருக்கிறார். பியர் ஷரோ ஒரு மருத்துவருக்குக் கட்டிய வீடு அது. அங்கே கண்ணாடி ஒளியை விடும், உருவத்தை விடாது. விம்பிள்டனில் மண்மேடும் முற்றமும் அந்த வேலையைச் செய்கின்றன.

இந்த வீட்டிலிருந்து கிளைத்த கனவு ஒன்று உண்டு. ‘ஜிப்-அப்’ வீடு என்று பெயர். லாரிப் பலகைகளை வளையம் வளையமாகப் பூட்டி, வேண்டும்போது வாங்கிச் சேர்த்து வீட்டை நீட்டிக்கொள்ளலாம். கீழே ஜாக்கிகள், எந்த மேடு பள்ளத்திலும் நிற்கும். அது கட்டப்படவே இல்லை. எனக்கு அதில் பெரிய வருத்தமும் இல்லை. எங்கே வேண்டுமானாலும் இறக்கிவைக்கக்கூடிய வீட்டுக்கு இந்த மண்மேடு கிடைத்திருக்காது.

பெற்றோர் காலத்துக்குப் பின் பேரப்பிள்ளைகளில் ஒருவரான ஆப் ரோஜர்ஸ் குடும்பத்தோடு இங்கே வாழ்ந்து, உள்ளே தடுப்புகளைத் தன் தேவைக்கு மாற்றிக்கொண்டார். எதையும் தாங்காத தடுப்பு என்று வரைபடத்தில் எழுதுவது எளிது. ஒரு தலைமுறை கழித்து உண்மையாகவே எடுத்து மாற்றி, வீடு அப்படியே நிற்பதுதான் சோதனை. அந்தச் சோதனையில் இது தேறியது. 2013இல் அரசு இதை இரண்டாம் தரத்தில் (Grade II*) பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. 2015இல் குடும்பம் இதை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளிக்குக் கொடையாகக் கொடுத்தது. பழுதுபார்த்துக் கொடுத்தவர் ரோஜர்ஸோடு நெடுநாள் சேர்ந்து உழைத்த ஃபிலிப் குமுச்ஜியன். 2017 முதல் நகரங்களைப் பற்றி ஆராய்கிறவர்கள் இங்கே தங்கி எழுதத் தொடங்கினார்கள். ஒரு குடும்பத்துக்குக் கட்டியதை, சட்டத்தில் கைவைக்காமல் அறிஞர்கள் தங்குமிடமாக மாற்ற முடிந்தது.

1971இல் ரென்ஸோ பியானோவும் ரோஜர்ஸும் பாரிஸ் பொம்பிடூ மையத்துக்கான போட்டியில் வென்றார்கள். 1977இல் திறந்த அந்தக் கட்டடத்தில் ஏறத்தாழ 48 மீட்டர் தூரத்துக்குத் தூணே இல்லாத தளங்கள், கண்ணைப் பறிக்கும் நிறங்கள், மாற்றிக்கொள்ளத்தக்க தடுப்புகள். விம்பிள்டனில் இந்த மூன்றும் முன்பே இருக்கின்றன. இந்த வீடு இல்லாவிட்டால் பொம்பிடூ இல்லை என்று கட்டடக்கலை வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வது சரிதான். ஆனால் இதைப் பொம்பிடூவுக்குப் போட்ட ஒத்திகையாக மட்டும் பார்ப்பது அநியாயம். பொம்பிடூ ஊரையே கூப்பிட்டுக் காட்டுகிற கட்டடம். அதன் குரல் உயரமாக இருந்தே ஆக வேண்டும். அதே பொருளையும் அதே நிறத்தையும் வைத்துக்கொண்டு இரண்டு பேர் காப்பி குடிக்கும் அளவுக்குக் குரலைத் தாழ்த்துவது அதைவிடக் கடினம். என் கணக்கில் ரோஜர்ஸ் கட்டியவற்றுள் இதுவே முதலாவது.

கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வீட்டின் தரைவரைபடம் நூலகங்களில் எளிதாகக் கிடைக்கும். எடுத்துவைத்துக்கொண்டு, சாலையிலிருந்து பின்தோட்டம்வரை பென்சிலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். மேடு, பட்டறை, முற்றம், கூடம், தோட்டம் என்று அந்தக் கோடு எதையெல்லாம் கடக்கிறது, எங்கெல்லாம் கண்ணாடியைத் தொடுகிறது, எங்கே ஓர் ஆளின் பார்வை நின்றுவிடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் வண்ணத்தைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.